வடிதட்டில் இருந்த பெயர்

தாமரைச்செல்வி புரட்சி செய்து வீட்டை விட்டு வெளியேறிய மொத்தத் தூரம், நெரவியிலிருந்து தருமபுரம் வரை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் சீட்டு சூடாவதற்குள் காரைக்கால் வந்துவிடும். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனால் அவள் தனியாக வாடகைக்குப் பிடித்த மாடி வீடு. இந்தத் தூரத்துக்காகத்தான் அவள் அம்மா கல்யாணசுந்தரியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள், இரண்டு வேளை பட்டினி கிடந்தாள், மூன்றாவது வேளை கருவாட்டுக் குழம்பு வாசனையில் தோற்றும் போனாள். அப்படியும் எப்படியோ அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் சும்மா இல்லை.

"ஒரு மாசம் பாப்பேன். அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம வருவேன். சோறு வடிச்சு, மீன் கொழம்பு வச்சு, ஒரு பொரியல். ஒழுங்கா ஆக்கித் திங்கிறன்னா இரு. இல்லன்னா அன்னிக்கே பையைக் கட்டிக்கிட்டு எங்கூட பஸ் ஏறணும்."

"அண்ணன் திருப்பூர்ல மூணு வருசமா மெஸ்ஸுல திங்கிறான். அவனுக்கு என்னைக்காவது சோறு வடிக்கச் சொல்லிப் பரீட்சை வச்சியா?"

"அவன் ஆம்பளப் புள்ள."

இந்த ஒரு வரிக்குப் பதிலாக அவளிடம் இருபது பக்கம் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா அதற்குள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி தாமரைச்செல்வி. மெக்கானிக்கல் இன்ஜினியர். வேலை என்னவென்றால், கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றப் போகிற லாரிகளின் நம்பரை டவுன் ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது. லாரியைக் கண்ணால் பார்த்ததில்லை. பட்டத்தை அவளைவிட அதிகமாகப் பயன்படுத்தியவள் அம்மாதான். மகள் கல்யாணச் சீருக்கென்று பரணில் சேர்த்த அண்டா, குடம், தூக்கு அத்தனையிலும் 'சோ. தாமரைச்செல்வி பி.இ.' என்று கடைக்காரரிடம் பெயர் வெட்டி வாங்கியிருந்தாள். அதுவும் காலேஜில் சேர்ந்த வருஷமே. நாலு அரியர் பாக்கி இருந்த காலத்தில் தாமரைச்செல்வி அந்தப் பரண் பக்கம் தலை தூக்கிப் பார்த்ததே இல்லை.

"பரண்ல இருக்கறதுல நாலு எடுத்துக்கிட்டுப் போயேண்டி" என்றதற்கு, "சீர்ப் பாத்திரத்துல நான் கை வைக்க மாட்டேன், அது என் கொள்கை" என்று சொல்லிவிட்டாள். கொள்கைக்காரி சும்மா இருப்பாளா? ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் கட்டாயம் இருக்கவேண்டிய பத்து சாமான் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தாள். வீடியோவில் பேசிய பெண்ணின் சமையலறை, நெரவியில் அவர்கள் வீடு முழுவதையும்விடப் பெரியது. அதைக் கவனிக்காமல், குடிபோகுமுன்பே கைக்கு வந்திருந்த முதல் மாதச் சம்பளம் முழுவதற்கும் ஆர்டர் போட்டாள். எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற ஏர் ஃப்ரையர், சிலிக்கோன் கரண்டிகள், பூண்டு நசுக்குகிற இடுக்கி, கேரட்டை நூடுல்ஸ் மாதிரி சீவுகிற ஒரு வஸ்து, கீரை இலையைச் சுற்றி ஈரம் உதறுகிற டப்பா. இலையை உதறுவதற்கு ஒரு டப்பா! அம்மா கையாலேயே உதறுவாள், தெறிக்கிற தண்ணி பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற இவள் முகத்தில் விழும்.

டப்பாக்கள் வந்து இறங்கிய அன்று தெரிந்தது, அந்தப் பத்தில் தேங்காய் துருவ ஒன்று இல்லை, புளி வடிகட்ட ஒன்று இல்லை. கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா ஆஸியா பீவியிடம் போய் நின்றாள். அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. துருவியைக் கொடுத்தார். மறுவாரம் வடிகட்டி. அப்புறம் குழம்புக் கரண்டி, தோசைத் திருப்பி, ஒரு கும்பா. ஒவ்வொன்றையும் தாமரைச்செல்வி தேய்த்துக் கழுவி, துடைத்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தாள். அந்த சுத்தத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பரீட்சைக்கு முந்தின நாள் ஒத்திகை. அம்மாவைப் பொறுத்தவரை குக்கர் சோறு என்பது ஆஸ்பத்திரிச் சோறு, வடித்தால்தான் சோறு. உலை பொங்கி, அரிசி வெந்து, வடிக்கும்போதுதான் கையில் வடிதட்டு இல்லை என்பது உறைத்தது. இன்ஜினியர் யோசித்தாள். மையவிலக்கு விசை! சோற்றை அள்ளிக் கீரை உதறுகிற டப்பாவில் போட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். தத்துவம் சரிதான், கஞ்சி வெளியேறியது. மூடியும் கூடவே வெளியேறியது. சுவரில், ஜன்னலில், காலண்டரில், அவள் கண்ணாடியில் எங்கும் சோற்றுப் பருக்கை. நாலு வருஷப் படிப்பு சுவரிலிருந்து மெதுவாக வழிந்து இறங்கியது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள். "பீவிம்மா, வடிதட்டு இருக்கா?"

ஆஸியா பீவி அவள் தலைமுடியிலிருந்து ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தார். "இருக்கு புள்ளே. ஆமா, நீ சோறாக்குனியா, இல்ல சோறு ஒன்ன ஆக்குச்சா?"

ஞாயிற்றுக்கிழமை கல்யாணசுந்தரி வந்தாள். வந்தவள் தண்ணிகூடக் குடிக்காமல் சமையலறை வாசலில் நின்று ஏர் ஃப்ரையரை ஒரு பார்வை பார்த்தாள். "இது என்ன, ஹெல்மெட் வைக்கிற பொட்டியா?"

"அதுல பொரிக்கலாம்மா."

"எண்ண எங்க ஊத்தறது?"

"எண்ணெயே வேணாம்."

"அப்ப அது பொரிக்கல. காய வைக்குது." அதோடு அந்தப் பொருளின் கதை முடிந்தது.

சாப்பிட உட்கார்ந்தாள். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. சங்கரா மீன் குழம்பில் புளி தூக்கல். பொரியலில் கேரட் சுருள் சுருளாகக் கிடந்தது. அம்மா சாப்பிட்டாள், இரண்டாம் முறை சோறும் வாங்கிக்கொண்டாள். பாஸ் மார்க் வந்துவிடும் போலிருந்தது.

கை கழுவ எழுந்த அம்மா, கவிழ்த்து வைத்திருந்த வடிதட்டை எடுத்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு இது பழக்கம். கல்யாணங்காட்சிகளில் இரவல் பாத்திரங்கள் கலந்துபோய், வெட்டின பெயரைப் பார்த்துப் பிரித்துப் பிரித்து வந்த பழக்கம். விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்து எழுத்துக் கூட்டினாள்.

"சே... அ... லா... வு... தீன்."

அம்மா வடிதட்டை மகள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யாருடி அலாவுதீன்?"

"அம்மா, அது..."

"தனியா இருக்கணும், தனியா இருக்கணும்னு துடிச்சது இதுக்குத்தானா? அவன் பேரு வெட்டுன பாத்திரம் உன் அடுப்படிக்கு வந்தாச்சு. கல்யாணப் பொடவ எப்ப வருது?"

கேவலம், ஒரு காதல் இருந்து மாட்டியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். மாதம் முழுக்க லாரி நம்பரைத் தவிர எந்த ஆண் பெயரையும் அவள் தொடவில்லை. ஒரு ஓட்டைத் தட்டால் மானம் போகிறதே என்று கோபத்தில் அதை அம்மா கையிலிருந்து பிடுங்கப் போனாள்.

மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கிய ஆஸியா பீவி வாசலில் நின்றார். எவ்வளவு கேட்டாரோ, முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கக்கா. அலாவுதீன் எங்க வீட்டுக்காரர்தாங்க. கீழதான் படுத்திருக்காரு. கூப்புடட்டுமா? ரெண்டு மூட்டுலயும் வலி. படியேற ஒரு மணி நேரம் ஆவும்."

கல்யாணசுந்தரிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அய்யோ, மன்னிச்சுக்கங்க. இவ இரவல் வாங்குனேன்னு ஒரு வார்த்த சொல்லல."

"இது என்னக்கா, பாதி அடுப்படி எங்க வூட்டுதுதான். நல்ல புள்ள. எது குடுத்தாலும் மூஞ்சி பாக்கலாம், அப்புடித் தேச்சுல்ல திருப்பித் தருது."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அலாவுதீன் பெயரைப் படித்தபோதுகூட இந்தப் பார்வை வரவில்லை. "தேச்சுன்னா? வெறும் பாத்திரமாவா குடுத்த?"

"பின்ன? கழுவாமலா குடுப்பாங்க?"

"இரவல் பாத்திரத்த எவளாவது வெறுமையா திருப்பிக் குடுப்பாளா? ஒரு கரண்டி கொழம்பு, ஒரு பிடி சக்கர, ஒண்ணுமில்லன்னா ரெண்டு பச்சமொளகா போட்டுக் குடுக்கணும்னு தெரியாது? பி.இ.ன்னு அண்டாவுல வெட்டி வச்சிருக்கேனே, அதுக்காவது வெக்கப்பட வேணாம்?"

"எந்த செமஸ்டர்லயும் இது வரலம்மா!"

ஆஸியா பீவி சிரித்துக்கொண்டே கீழே போய்விட்டார். கல்யாணசுந்தரி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். தாமரைச்செல்வியும் தன் பையைத் தேடினாள். ஃபெயில்.

"நீ எங்க கெளம்பற?"

"நீதானே சொன்ன..."

"சோறு கொழைஞ்சிருக்கு. கொழம்பு வாயில வைக்க முடியல. ரெண்டாந்தரம் வாங்குனது நீ அழுதுடக் கூடாதுன்னு" என்றாள் அம்மா. "ஆனா ஒத்தையா கெடக்கறன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்காம இருந்தேன். கேட்டதும் பாத்திரம் குடுக்கற வூடு கீழ இருக்கு. இரு. அந்தத் தட்ட மட்டும் இன்னிக்கே ஏதாவது போட்டுக் குடுத்துட்டு வா."

அம்மா போனபின் தாமரைச்செல்வி வடிதட்டின் முன் உட்கார்ந்தாள். முழுக்க ஓட்டை. குழம்பு ஊற்ற முடியாது, சர்க்கரை நிற்காது. கடைசியில் ஏர் ஃப்ரையரைத் திறந்து அப்பளம் காய வைத்தாள். பொரியவில்லை, அம்மா சொன்னபடி காய்ந்துதான் இருந்தது. வளைந்து நெளிந்ததைத் தட்டு நிறைய அடுக்கிக் கீழே கொடுத்துவிட்டு, அப்பாடா, கணக்குத் தீர்ந்தது என்று படியேறினாள்.

பொழுது சாய்வதற்குள் கதவு தட்டப்பட்டது. ஆஸியா பீவி கையில் அடுக்குத் தூக்கு. கீழ்த் தட்டில் இடியாப்பம், மேலே கறிக் குழம்பு, அதற்கும் மேலே ஒரு கிண்ணத்தில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த இனிப்பு வட்டிலப்பம். மூன்றிலும் அலாவுதீன் பெயர்.

"சாப்புடு புள்ளே. பாத்திரத்துக்கு அவசரமில்ல."

மூன்று பாத்திரம். ஒன்றில்கூட ஓட்டை இல்லை, இந்த முறை அப்பளம் போட்டுத் தப்பிக்க முடியாது. தாமரைச்செல்வி வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, சாம்பார் எப்புடி வைக்கிறது?"