மயிலின் குரல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் அந்த அம்மாள் நுழைந்ததும் கடையே பளிச்சென்று ஆகிவிட்டது. மஞ்சள் கோட்டு, பச்சைத் தலைப்பாகை, முழங்கை வரை வளையல். எழுபதைத் தாண்டியும் உதட்டில் ரத்தச் சிவப்புச் சாயம். ஊரே ‘மயில்’ என்று கூப்பிடும், பத்திரிகை அட்டைகளில் சிரிக்கும் மயில். அங்கே கண்ணாடி பழுது பார்க்கும் பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அம்மா, ஸ்கூல் படிக்கும்போது உங்க படத்தை அலமாரியில ஒட்டி வெச்சிருந்தேன். உங்களைப் பாத்துத்தான் கலர் துணியே போட ஆரம்பிச்சேன்” என்று கொட்டித் தீர்த்தாள்.

“அடி என் தங்கமே!” மயில் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். காதுப்பக்கம் கழன்று தொங்கிய தன் பெரிய சிவப்புக் கண்ணாடியை நீட்டினாள். “இது இல்லாம நான் குருடி. பாத்து மாட்டிக் கொடு.”

சுவரைத் தடவியபடி, திரைக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கண்ணாடியின் திருகாணியை முடுக்கி முடித்த நேரத்தில் விற்பனைக்காரி கிட்டே வந்து கிசுகிசுத்தாள். “என்னடி இது, சர்க்கஸ் கூடாரம் எழுந்து நடந்து வந்த மாதிரி?”

பேசாமல் இருந்திருக்கலாம். இவளோ சிவப்புக் கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டி, இடுப்பை ஒடித்து நின்றாள். “அடி என் தங்கமே! முகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கவே அரை நாள் ஆகுதுடி! இது இல்லாம நான் குரூ...டி!”

விற்பனைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. திரையை விலக்கிக்கொண்டு மயில் நின்றிருந்தாள்.

“குரல் நல்லா வருது. ‘குருடி’யைத்தான் கொஞ்சம் இழுத்துட்ட.”

இவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மயிலின் முகத்தில் பொருத்தினாள். பவுடர் எட்டாத காதின் பின்புறத்தில் தோல் காகிதம் போல் மெலிந்திருந்தது. மயில் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இவள் தெருவுக்கு ஓடினாள். “அம்மா, மன்னிச்சிடுங்க.”

மயில் திரும்பினாள். “முதல்ல சொன்னது நிஜமா, அப்புறம் செஞ்சது நிஜமா?”

பொய் ஒன்று வாய் வரை வந்தது. அதை விழுங்கினாள்.

“ரெண்டும்தாம்மா.”

மயில் அவளை ஒருகணம் பார்த்தாள். பிறகு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தில் நடந்து போனாள்.

இவள் கடைக்குத் திரும்பியதும், “திட்டிட்டாளா?” என்றாள் விற்பனைக்காரி.

“இல்ல.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அன்று முழுக்க எந்த முகத்தையும் நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. முகத்தைப் பார்க்காமல் செய்கிற வேலையும் இல்லை அது.