கிளட்ச்சில் இருந்த கால்

எதிர்வீட்டு ஓவர்சியர் காரை எடுத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடத்துக் கார். கிளட்ச்சிலிருந்து சில்வண்டு மாதிரி ஓயாத சத்தம். பேரிங் மாற்றி எட்டு மாதம்கூட ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் மனைவிதான் காரணம் என்பது அவருடைய தீர்ப்பு. "கிளட்ச் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுறா" என்று நடுத்தெருவில் நின்று சொல்லி, போன மாதம் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அன்றிலிருந்து அவர்தான். அந்த அம்மா வாயே திறக்கவில்லை. அந்த அம்மாவுக்கும் சேர்த்து நான் நாலு வீட்டில் பேசினேன்.

நேற்று மெக்கானிக் வந்தபோது எனக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இருந்தது. அவர்கள் வாசல் பக்கத்துச் செடிக்கு.

மெக்கானிக் ஏறி உட்கார்ந்து, நியூட்ரலில் வைத்து, மிதித்து மிதித்துப் பார்த்தார்.

"மிதிச்சா கத்துது, விட்டா நின்னுடுது சார். ரிலீஸ் பேரிங்தான்."

"விட்டாலும் எனக்கு நிக்கலையேப்பா!"

"என்கிட்ட பயப்படுது, உங்ககிட்ட குளிர் விட்டுப் போச்சு போல. நீங்க உக்காருங்க, பார்ப்போம்."

ஓவர்சியர் உட்கார்ந்து மிதித்தார். சத்தம் வந்தது.

"காலை எடுங்க சார்."

"எடுத்துட்டேன்."

சத்தம் நிற்கவில்லை. மெக்கானிக் சிரித்துக்கொண்டே கதவுக்குள் குனிந்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஓவர்சியரின் இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். சத்தம் அடங்கியது.

"இவ்வளவு நேரமும் பெடல் மேலதான் இருந்துச்சு சார்."

"இல்லையே" என்றபடி ஓவர்சியர் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பும் இல்லை.

"செருப்பு எங்கங்க?" என்றபடி மனைவி வாசலிலிருந்து இறங்கி வந்தார். கணவரின் காலைத் தூக்கிப் பார்த்தார். பாதத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு. சுற்றிலும் காய்ந்த ரத்தம். சில்லைப் பிடுங்கி எடுத்தார். "சர்க்கரை இருக்குன்னு தெரியுமில்ல? வலிக்கலையா?"

"பிரேக்குக்கு வலது கால்தானே? நாளைக்கு நான்தான் பாப்பாவைக் கூட்டிட்டுப் போவேன்."

மெக்கானிக் அவருடைய வலது கால் விரலைக் கிள்ளினார். "இது தெரியுதா சார்?"

குனிந்து பார்த்த பிறகுதான் கிள்ளுவதே ஓவர்சியருக்குத் தெரிந்தது. பிறகு மெல்ல இறங்கி, சாவியை மனைவியிடம் நீட்டினார்.

"நாளைக்குப் பாப்பாவை நீயே விட்டுடு."

"ஏறுங்க, முதல்ல டாக்டர்கிட்ட போவோம்." அந்த அம்மா சாவியை வாங்கி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன்.

ஓவர்சியரின் செருப்பு என் வாசலில்தான் கிடந்தது. காலையில் அது கழன்று விழுந்ததையும், அவர் பாட்டுக்கு நடந்ததையும் பார்த்தேன். பால்காரரிடம் சொல்லிச் சிரித்தும் ஆயிற்று. இப்போது எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓவர்சியர் வாங்கிக் காலில் மாட்டினார். மாட்டியாயிற்றா என்று குனிந்து, கண்ணால் பார்த்துக்கொண்டார்.

கார் கிளம்பியது. கியர் மாற்றும்போது மட்டும் சத்தம் கேட்டது.