டிரம்ஸை விட்டு எழுந்தவர்

எங்கள் ராக் குழுவில் மூன்றே பேர். அக்கா பாடுவாள், கிட்டாரும் அவள்தான். அவள் கணவர், என் அத்தான், டிரம்ஸ். நான் பேஸ் கிட்டார். அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை; அத்தான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்; நான் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். பாட்டெல்லாம் அக்கா எழுதியது. பழைய ஃப்ரிட்ஜ்களை அத்தான் போட்டு வைத்திருந்த கீழ்த்தள அறையில், ஞாயிறு மதியம் ஒத்திகை. ஐந்து வருடம், ஊரில் யார் கூப்பிட்டாலும் போய் வாசித்தோம். கேட்டவர்கள் கை தட்டினார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்தும் போனார்கள்.

ஒரு ஞாயிறு, கதவு தடதடவென்று தட்டப்பட்டது. மாடிவீட்டு நர்ஸ். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க, சத்தத்தைக் குறைச்சுக்கறோம்" என்றாள் அக்கா.

"சத்தம் பழகிடுச்சும்மா. அந்த நாலாவது பாட்டுதான் தூங்க விடமாட்டேங்குது. பாதிக்கு மேல ஓட ஆரம்பிச்சிடறீங்க. யாரு துரத்தறா உங்கள?"

அத்தானுக்கு முகம் சுண்டிப்போனது. "உங்களுக்கு மியூசிக் தெரியுமா?"

"தெரியாது. பத்து வருஷமா ஆளுங்க கையைப் பிடிச்சு நாடி பார்க்கறேன். வேகம் ஏறினா தெரிஞ்சிடும்."

அவர் போனதும் அந்தப் பாட்டைப் போனில் பதிவு செய்து கேட்டோம். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை.

அடுத்த வாரம் அக்காவே மாடிக்குப் போய் அவரைக் கூட்டி வந்தாள். பிறகு வாராவாரம் வந்தார். தொடையில் தாளம் தட்டியபடி உட்கார்ந்திருந்தவரிடம் அத்தான் ஒருநாள் விளையாட்டாகக் குச்சிகளை நீட்ட, அவர் பிடித்துக்கொண்டார். ஒரு வருடம் அத்தான்தான் பழக்கிவிட்டார்.

பிறகொரு ஞாயிறு, அந்த நாலாவது பாட்டை நர்ஸ் முழுதாக வாசித்தார். பாட்டு முதல்தடவையாகக் காலூன்றி நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தானைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது.

"இனிமே நீங்களே உட்காருங்க சிஸ்டர்" என்றார் அத்தான்.

"ஐயோ, அது உங்க இடம்!"

"என் இடம், உன் இடம்னு பார்த்தா பாட்டு உருப்படுமா? நான் சவுண்ட் மிக்சரைப் பார்த்துக்கறேன். ஒயரும் கரண்ட்டும் எனக்குத் தெரியாததா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அந்த வருடமே ஊர்க் குழுக்களெல்லாம் சேரும் மேடையில் வாசித்தோம். மூன்றாவது பாட்டில் கூட்டம் எழுந்துவிட்டது. இன்னொன்று, இன்னொன்று என்று எங்களை இறங்கவே விடவில்லை. முடிந்ததும், கூட்டத்துக்கு நடுவே மிக்சரோடு இருந்த அத்தான் என்னிடம் ஓடி வந்தார்.

"இத்தனை வருஷம் அவ முதுகுக்குப் பின்னாடியே உட்கார்ந்திருந்தேன்டா. முன்னாடி நின்னு கேட்டதே இல்ல. உங்க அக்கா இப்படியா பாடுவா?"

"அதை அவகிட்டயே சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? அவ மைக் சத்தத்தைத்தான் கொஞ்சம் ஏத்தி வெச்சேன்."

இதுவரை இரண்டு ஆல்பம் போட்டுவிட்டோம். இரண்டிலும் அக்காவின் குரல் எல்லாவற்றுக்கும் ஒரு படி மேலே கேட்கும்.