ஜாக்கி ஏறும் இடம்

சேத்தூரில் மகள் வீட்டு விசேஷம் முடிந்து, மூன்று நாள் கழித்து ராஜபாளையம் பட்டறைக்குத் திரும்பிய டிங்கர் மைதீன் பிச்சையின் கண்ணில் முதலில் பட்டது கார் அல்ல. சாக்கடைமேல் கிடந்த தகரம். அது அவர் மடித்த தகரம். பழைய அம்பாசிடரின் கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டம் துருவேறி இற்றுப்போயிருந்ததால், அதன் வளைவை அட்டையில் அளவெடுத்து, மரச்சுத்தியலால் இரண்டு நாள் தட்டி உருவாக்கியது. வெல்டிங் மட்டுமே பாக்கியிருந்தது. இப்போது அதன்மேல் பெயிண்டர் சதீஷின் பைக் நின்றது.

காருக்கோ மாலை போட்டிருந்தார்கள். முன்சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் காத்திருந்தது. பின்சீட்டில் இரண்டு சிறுமிகள்.

அவர் குனிந்து கீழ்ச்சட்டத்தை விரல்முட்டியால் தட்டினார். இரும்பின் ஓசை எழவில்லை. மண்சுவரைத் தட்டியதுபோல் ஒலி அடங்கியது.

"ஏலே சதீஷு, உள்ள என்னத்தலே வச்ச?"

"கம்பிவலைய வச்சு மேல பட்டி மாவ அப்புனேன். மொதலாளி சொன்னாவ."

முதலாளி பாண்டிதுரை அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பாய், டீச்சருக்கு இன்னைக்கு நல்ல நாளு. நீங்க பிரியாணி தின்னு முடிச்சு வாரதுக்குள்ள ஆவணியே போயிரும். பாத்தா தெரியுதா? தெரியலல்லா? பொறவென்ன?"

"தெரியக்கூடாதுன்னுதான செஞ்சிருக்கீங்க!"

அதற்குள் காரின் சொந்தக்காரி அனுசியா வந்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியை. "இங்கேருந்து நேரா பிளவக்கல் டேமுக்குத்தான் போறோம், பாய். உங்க கைவேலைன்னு சொன்னாவ, அதான் நம்பி விட்டேன்."

அந்தச் சொல் அவர் நெஞ்சில் கொள்ளிக்கட்டையாய் இறங்கியது. தன் பெயரை அடமானம் வைத்தல்லவா அந்தப் பட்டியைப் பூசியிருக்கிறார்கள்!

"டீச்சர், பிள்ளைகள கீழ எறக்குங்க."

"பாய்!" என்று பாண்டிதுரை பல்லைக் கடித்தார். "சோறு போடுற எடத்துல மண்ண அள்ளிப் போடாதீங்க."

"மண்ண அப்புனது நானா?"

சிறுமிகள் இறங்கினார்கள். மைதீன் பிச்சை ஜாக்கியை இழுத்துவந்து சட்டத்தின்கீழ் வைத்து நெம்பினார். கார் ஏறவில்லை, ஜாக்கியின் தலைதான் உள்ளே ஏறியது. பளபளத்த கறுப்பு வண்ணம் வெடித்தது. பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. துருவேறிய ஓட்டை வாயைப் பிளந்தது.

அனுசியாவின் முகம் சிவந்தது. "இதுமேலயா எம் பிள்ளைகள ஏத்திட்டுப் போகச் சொன்னீங்க?"

பாண்டிதுரை டிங்கரை நோக்கிப் பாய்ந்தார். "நாளையிலேருந்து இந்தப் பக்கம் வந்துறாதீங்க!"

"வர மாட்டேன்."

மைதீன் பிச்சை சதீஷின் பைக்கைத் தள்ளி நிறுத்தினார். சேறு வழிந்த தகரத்தைத் தூக்கிவந்து அவள் காலடியில் போட்டார். "இதுதான் ஒங்க வண்டியோடது. எந்தப் பட்டறைல வேணும்னாலும் வெல்டிங் வைங்க. வைக்கும்போது பக்கத்துல நில்லுங்க."

அனுசியா காரின் மாலையைப் பிய்த்தெடுத்து முதலாளியின் மேசைமேல் எறிந்தாள்.

"வேற பட்டறை எதுக்கு? இங்கயே, இப்பவே வைங்க பாய். யாரு தடுக்காவன்னு பாக்கேன்."