குங்குமச் சிமிழில் நான்கு மாத்திரைகள்

மாத்திரை போட்ட ஒன்பதாம் நாள் காலை, சரளாவுக்கு மறுபடியும் புகை நாற்றம் அடித்தது. ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தின் நாற்றம். பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் அவள் வளர்ந்த அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டு இருபது வருடமாகிறது. புகைக்கூடம் நின்ற இடத்தில் இப்போது லாலாங் புல்தான். ஆனாலும் வயிற்றில் பிள்ளை தங்கும்போதெல்லாம் அவளுக்கு மட்டும் அந்த நாற்றம் வரும். முதல் இரண்டு முறையும் அப்படித்தான் வந்தது.

இரண்டாம் பிரசவத்தில் இரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்தது. இன்னொன்று தாங்காது, உயிருக்கே ஆபத்து என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவன் கனகராஜுக்கோ ஆண் பிள்ளை வேண்டும். மூன்றாவது தங்கியதும், அவனுக்குத் தெரியாமல் போனிலேயே ஒருவனிடம் கருக்கலைப்பு மாத்திரை வாங்கினாள். போட்டதும் அரை நாள் ரத்தம் போனது. 'ரத்தம் வந்தா முடிஞ்சிருச்சு' என்று விற்றவன் செய்தி அனுப்பியிருந்தான். எட்டு நாள் காற்று சுத்தமாக இருந்தது.

கையுறைத் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் நவமணி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலியே. பேய் கீய் பிடிச்சிருச்சாடி?"

"வெளையாடாதீங்கக்கா. டெஸ்ட்லயும் ரெண்டு கோடு காட்டுது."

"அப்ப என்ன யோசன? லீவு சொல்லு. ஈப்போ கிளினிக்குக்குப் போலாம் வாலா."

கிளினிக்கில் டாக்டர் லக்ஷ்மிப்ரியா எல்லாவற்றையும் கேட்டார்.

"கோட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. கலைஞ்ச பிறகும் சில வாரம் அது காட்டும். ஸ்கேன்தான் சொல்லும். மாத்திரைய எங்க வச்சிருந்தீங்க?"

"குங்குமச் சிமிழ்ல, டாக்டர். மாமியார் வீடு பூரா கொடைவாங்க. ஆனா தாலி இல்லாதவங்க, குங்குமத்தத் தொட மாட்டாங்க. அட்டையோட உள்ள போகல, பிரிச்சு நாலையும் அதுக்குள்ள போட்டு வச்சேன். முழுங்குறதுக்கு முன்னாடி பத்து நாளு அதுலதான் இருந்துச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முறையா ரெண்டு மருந்து உண்டு. ஒண்ணு கர்ப்பத்தத் தாங்குற ஹார்மோன மறிக்கும். இன்னொண்ணு கர்ப்பப்பைய இறுக்கி வெளியே தள்ளும். உங்களுக்கு வந்தது ரெண்டாவது மட்டுந்தான் போலிருக்கு. அதுக்கு ஈரக் காத்து ஆகாது. அட்டையப் பிரிச்சு வச்சா வீரியம் போயிடும். ரத்தம் வரும், ஆனா கர்ப்பம் கலையாம தங்கினாலும் தங்கிடும்."

சரளா படுத்தாள். அடிவயிற்றில் குளிர்ந்த பசை. சாம்பல் திரையில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கு," என்றார் டாக்டர். "மருந்து பட்ட கரு. வச்சுக்கிட்டா அதுக்கும் ஊனம் வரலாம். உங்க பிரஷர் இப்பவே நூத்தம்பது. உயிருக்கு ஆபத்துன்னா கலைக்க சட்டம் எடம் குடுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதவா? முடிவு உங்களோடது."

அவர் கருவியை எடுத்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டி மேசை முன் உட்கார்ந்தார். சரளா திரையையே பார்த்தாள். வயிற்றை இப்போது எதுவும் தொடவில்லை. புள்ளி துடித்தபடியே இருந்தது.

"டாக்டர்… இன்னும் அசையுது."

"கடைசி சில நொடிய மெஷின் திருப்பித் திருப்பிக் காட்டும்மா. அவ்வளவுதான்." அவர் திரும்பவில்லை.

துடிப்பு ஓர் இடத்தில் லேசாகத் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எத்தனை முறை என்று எண்ண ஆரம்பித்தவள், பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுதுங்க டாக்டர்," என்றாள். "வீட்டுக்குப் போகல. நேரா ஆஸ்பத்திரிக்கே போறேன்."