மீதியைப் படிக்க

சந்தாவை நிறுத்திவிட்ட வாசகர்களைக் கூப்பிட்டுப் பேசுவதும் இப்போது அவன் வேலையாகிவிட்டிருந்தது. அன்று காலை ஒருவரிடம் பேசி முடித்து, அடுத்த எண்ணை அழுத்தியதும் கைபேசித் திரையில் 'அக்கா' என்று வந்தது. எண்ணைச் சரிபார்த்தான். தவறில்லை. அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"என்னடா, இந்த நேரத்துல?" பின்னால் இன்ஜின் உறுமியது. அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.

"எங்க சந்தாவை நிறுத்திட்டியா?"

"ஆமா. உனக்கு யாரு சொன்னா?"

"நிறுத்தினவங்களுக்குப் போன் பண்றதே நான்தான்."

அவள் இன்ஜினை அணைத்தாள். "சரி, மத்தவங்ககிட்ட என்ன கேப்பியோ அதையே கேளு."

"ஏன் நிறுத்தின?"

"ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ஏத்திட்டீங்க. நான் உங்களுக்கு மட்டுமா கட்டறேன்? கோர்ட்டு செய்தி எழுதற அந்த அம்மாவுக்கு, கார்ட்டூன் போடறவருக்கு, உங்க மாமா வண்டியில கேக்கற ஆடியோ நியூஸ்காரங்களுக்கு. எல்லாரும் நேர்மையானவங்கதான். ஒருத்தி சம்பளத்துல எத்தனை நேர்மையைத்தான் தாங்கறது?"

"அதுக்காகத் தம்பி வேலை பாக்கற இடத்துலயா கை வைப்ப?"

"யோசிச்சுதான் வச்சேன். மத்தவங்ககிட்டருந்து படிக்க ஏதாவது வருது. உங்ககிட்டருந்து வர்றதுல பாதி பணம் கேக்கற மெயில். அதுவும் உன் பேருல. நீ செய்தின்னு ஒண்ணு எழுதி எவ்வளவு நாளாச்சு?"

அவன் எழுதத்தான் அங்கே சேர்ந்தான். பெரிய கம்பெனி விளம்பரம் வாங்குவதில்லை, வாசகர்களை நம்பியே நடத்துவது என்று தொடங்கிய சின்னச் செய்தித் தளம் அது. ஒரு முறை ஆள் இல்லாமல் வேண்டுகோள் கடிதத்தை அவன் எழுதப்போக, அது எதிர்பார்த்ததற்கு மேல் சந்தா கொண்டுவந்தது. அன்றிலிருந்து அவன் கை உருக்கத்துக்கே வாடகைக்குப் போய்விட்டது. மான நஷ்ட வழக்குகள் கூடின, வக்கீல் செலவு கூடியது, கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை.

"உனக்கு என்ன செய்தி வேணும்?" என்று கேட்டான்.

"எங்க கடைசி ஸ்டாப்புல டாய்லெட்டைப் பூட்டி வச்சிருக்காங்க. பொம்பளைங்க தண்ணியே குடிக்காம வண்டி ஓட்டறோம். அதை யாரும் எழுத மாட்டாங்க."

அன்றே தளத்தின் ஆசிரியரிடம் போய் நின்றான். ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த அம்மாள் அவன் சொன்னதைக் கேட்டார்.

"போயிட்டு வா. ஆனா மாசக் கடைசி லெட்டர் உன்னோடது. அது போகலன்னா யாருக்கும் சம்பளம் இல்ல." குரலில் கோபம் இல்லை. அதற்குக்கூட அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர்களின் ஓய்வறையில் போய் உட்கார்ந்தான். சிறுநீர்த் தொற்றில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்துவந்த ஒரு பெண் ஓட்டுநர், முதலில் கூச்சப்பட்டு, பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். துப்புரவு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதிதாக யாருக்கும் கொடுக்கவில்லை, அதனால் பூட்டு என்றார் மேற்பார்வையாளர். அவன் எழுதினான். வெகு நாளைக்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்காத ஒரு கட்டுரை.

கட்டுரை வெளியான மறுநாள் மீண்டும் ஓய்வறைக்குப் போனான். 'பிரேக்கு' என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த ஓட்டுநர் கைபேசியை அவன் முன் நீட்டினார். இரண்டு பத்திக்குக் கீழே எழுத்து மங்கி, ஒரு பெட்டி வந்து நின்றது. 'மீதியைப் படிக்க எங்களோடு இணையுங்கள். நீங்கள் இல்லாமல் இந்தக் குரல் இல்லை.' அவனே எழுதிய வரி.

"தம்பி, நாங்க படற பாட்டைப் படிக்க நாங்களே காசு கட்டணுமா?"

அவன் வெளியே வந்து ஆசிரியரைக் கூப்பிட்டான். "மேடம், இதை மட்டும் எல்லாருக்கும் திறந்து விட்டுடலாமே."

"போன வாரம் ஒண்ணு, அதுக்கு முன்னாடி ஒண்ணு, இதையேதான் எல்லாரும் கேக்கறாங்க. எல்லாத்தையும் திறந்துட்டா, கட்டறவங்க எதுக்குக் கட்டணும்? சொல்லு, நீயே சொல்லு."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. பிரேக்கு கேட்டதிலும் இல்லை. அவன் உள்ளே போனான். அலுவலகக் கணக்கில் கட்டுரையைத் திறந்து, நின்றபடியே முழுவதையும் வாசித்தான். வண்டி எடுக்கச் சொல்லி விசில் அடித்தும் ஒருவர்கூடப் போகவில்லை. முடிந்ததும் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த அந்தப் பெண், "நான் சொன்னதை மாத்தாம போட்டிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். பிரேக்கு எல்லோரிடமும் வசூல் செய்து ஒரு சந்தா கட்டினார். கடவுச்சொல்லைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தார்கள். அது தளத்தின் விதிக்குப் புறம்பானது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தக் கட்டுரையால் வந்த புதுச் சந்தாக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த மாதம் நிறுத்தியவர்கள் அதைவிட அதிகம். மாதக் கடைசியில் அவன் உட்கார்ந்து, கட்டணம் மறுபடி உயர்கிறது என்று கடிதம் எழுதினான். இந்த முறை எந்த வார்த்தையிலும் பழைய உருக்கம் வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டு, அக்கா ஓட்டும் பேருந்தில் ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

"மறுபடி ஏத்தறோம்கா."

"தெரியும்டா. வேற என்ன பண்ணுவீங்க." சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நான் கட்டப்போறதில்ல. ரெஸ்ட் ரூம்ல எல்லாரோடயும் சேர்ந்து படிச்சுக்கறேன்."

அவன் தூங்கிப்போனான். கடைசி நிறுத்தத்தில் அக்கா தோளைத் தட்டினாள். கழிப்பறைப் பூட்டு போன வாரமே எடுக்கப்பட்டிருந்தது. வழக்கமான பராமரிப்பு என்று நிர்வாகம் அறிவித்திருந்தது, கட்டுரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"இருடா, வந்துடறேன்" என்று அவள் இறங்கிப் போனாள். அவசரமில்லாமல் நடந்தாள். அவன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான்.