சிக்னலில் குனிந்த தலைகள்

மருத்துவமனைக்குப் போகும் அந்த வேனில் ஐந்து பேர் பல வருஷங்களாகச் சேர்ந்து போய்வந்தார்கள். முன்சீட்டில் தலைமை நர்ஸ். எல்லோருக்கும் அவர் அக்கா. பின்னால் எக்ஸ்ரே எடுப்பவர், லேப் பெண், மருந்தாளர், கணக்குப் பிரிவுக்காரர். கடைசி ஆள் எல்லார் வீட்டு விஷயத்திலும் தலையிட்டு நல்லது செய்பவர் என்பதால் அவருக்குச் சித்தப்பா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆறாவதாக வந்து சேர்ந்தாள் பிசியோதெரபி பிரிவின் புதுப் பெண். மூட்டும் முதுகும் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அந்த வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வர அவளுக்குத் தெரியவில்லை. யாராவது கண் அயர்ந்து தலை சாய்த்தால், தோளைத் தட்டி நிமிர்த்திவிடுவாள். எக்ஸ்ரேக்காரர் கால்மேல் கால் போட்டால் இடுப்பு கெட்டுவிடும் என்பாள். லேப் பெண் போனைப் பார்க்கக் குனிந்தால், தன் கையாலேயே போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள்.

ஒருநாள் அக்கா முந்தின இரவும் சேர்த்து வேலை பார்த்துவிட்டு, மாலை வேனில் திரும்பும் அலுப்பில், "ஒரு நாளாவது இந்த வேன்ல நிம்மதியா தூங்கணும்" என்றார். பிசியோ அன்று விடுப்பு. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சொல்லிவிட்டார், மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். இனி தான்தான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று சித்தப்பா முடிவுகட்டிவிட்டார். வேனுக்கு இன்ஜின் வேலை, கொஞ்ச நாளைக்கு வராது என்று பிசியோவிடம் சொன்னார். அவள் வேறு ஏற்பாடு செய்துகொண்டதாக டிரைவரிடம் சொன்னார். மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார்கள்.

பிசியோ பஸ்ஸில் போகத் தொடங்கினாள். பஸ் முன்வாசலில் நிற்கும், வேன் பின்வாசலில் நிற்கும். அதனால் குட்டு வெளிப்படவில்லை. அவளுக்கோ இவர்களைப் பற்றித்தான் கவலை. நெரிசல் இல்லாத பஸ் எது என்று விசாரித்து எக்ஸ்ரேக்காரரிடம் சொன்னாள். எப்படி வந்துபோகிறாய் என்று லேப் பெண்ணைத் தினமும் கேட்டாள். லேப் பெண் அவளைக் கண்டாலே வேறு வராந்தா வழியாகப் போக ஆரம்பித்தாள்.

அந்த வாரக் கடைசியில் சிக்னலில் பஸ்ஸும் வேனும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அவளை முதலில் பார்த்தது டிரைவர். விவரம் தெரியாத மனிதர், சந்தோஷமாக ஹார்ன் அடித்துக் கையை ஆட்டினார். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "குனிங்க" என்றார். ஐவரும் குனிந்தார்கள். பஸ் ஜன்னல் உயரம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலிருந்து பார்த்தவளுக்கு ஐந்து முதுகுகளும் பளிச்சென்று தெரிந்தன.

டிரைவருக்குப் பதிலுக்குக் கையசைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேலைக்குப் போனதும் குழாயடியில் வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வேனில் எல்லோரும் நிமிர்ந்தார்கள், அக்காவைத் தவிர. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிப் பிடித்துக்கொண்டுவிட்டது. காலை முழுக்க அக்கா ஒரு நோயாளியிடம் பேசினால் பக்கத்துக் கட்டில்காரர் தன்னை முறைப்பதாக நினைத்தார். டாக்டர் பார்த்துவிட்டு, உடனே பிசியோதெரபிக்குப் போகச் சொல்லிவிட்டார்.

பிசியோ அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்தாள். "எப்படிப் பிடிச்சுது?"

"குனிஞ்சேன்."

"எதையாவது எடுக்கவா?"

அக்காவுக்குப் பொய் வரவில்லை. "இல்லம்மா. உன் கண்ணுல படாம இருக்க."

கழுத்தைப் பிடித்துவிட்ட விரல்கள் சற்று நின்று, மறுபடி அசைந்தன. "அப்படிக் குனியக் கூடாதுக்கா. ஒளியறதா இருந்தாலும் முதுகை நேரா வச்சுக்கிட்டுத்தான் ஒளியணும்."

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் கழுத்து வலித்தது. வலித்ததால் இருவருக்கும் இன்னும் சிரிப்பு வந்தது. அது அடங்கியதும் பிசியோ சொன்னாள்: "பஸ்ஸுல போறது கஷ்டமில்லக்கா. நீங்கல்லாம் எப்படி வர்றீங்களோன்னு தினமும் கவலைப்பட்டேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் வெட்கமா இருக்கு."

அன்று மாலை, வேனில் விசாரணை நடந்தது. கழுத்துப் பட்டையோடு அக்காவால் திரும்ப முடியவில்லை. எல்லோரும் அவர் கொண்டையைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். எக்ஸ்ரேக்காரர் தனக்கு இடுப்பு வலி போனதே அவளால்தான், மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சும்மா இருந்ததாகச் சொன்னார். அவர் சும்மா இருந்ததால் தானும் சும்மா இருந்ததாக லேப் பெண் சொன்னாள். மருந்தாளர் மட்டும் தன் தூக்கம் கெட்டது நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டார். அதற்காக இறக்கிவிடச் சொல்லவில்லையே என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று சித்தப்பா அக்காவைக் காட்டினார். ஏதோ அலுப்பில் சொன்னதாக அக்கா சொன்னார்.

டிரைவர் கேட்டார்: "அப்போ அந்தப் பொண்ணை வேண்டாம்னு சொன்னது யாருதான்?"



மறுநாள் வேன் அவளுடைய பஸ் நிறுத்தத்தில் போய் நின்றது. ஐவரும் இறங்கினார்கள். பாடம் பண்ணிவைத்திருந்த மன்னிப்பைச் சித்தப்பா பாதியில் மறந்துபோய், "வந்துடும்மா" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் ஒருவருக்குத் தோள் பயிற்சி சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். எக்ஸ்ரேக்காரருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு சாலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த அமைதி பாலம் தாண்டும்வரைகூடத் தாங்கவில்லை. அடுத்த பயிற்சி என்ன என்று எக்ஸ்ரேக்காரர் கேட்க, லேப் பெண்ணும் தோளைச் சுழற்ற ஆரம்பித்தாள். அக்கா முன்னாலிருந்து எனக்கும் சொல்லு என்றார். மருந்தாளர் கடைசி சீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் தலை பக்கவாட்டில் துவண்டது. பிசியோ திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சுருட்டி, அவர் தூக்கம் கலையாமல் கழுத்துக்கு அடியில் செருகினாள். டிரைவர் அடுத்த வேகத்தடையில் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினார்.